கிரானைட் கிரைண்டரில் கார் பாலிஷ் போடலாமா? ரோட்டரி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு கோடிங் இல்ல, ஏ.ஐ. இல்ல, அப்ரைசல் புலம்பல் இல்ல. ஒரே ஒரு மெஷினைப் பத்திப் பேசப் போறோம். கார் பாலிஷ் போடுற ரோட்டரி பாலிஷர்.

ஏன் திடீர்னு இது? ஆலங்குடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சென்னையில ஒரு டீட்டெய்லிங் கடையில கொஞ்ச நாள் வாட்டர் வாஷ் வேலை பார்த்துட்டு ஊருக்குத் திரும்பிட்டார். புதுக்கோட்டை டவுன்ல சின்னதா ஒரு ஷெட் பிடிச்சு சொந்தமா கடை போடணும்னு திட்டம். கையில சேர்த்தது கொஞ்சம், வீட்டு நகையை அடகு வச்சது கொஞ்சம். அவரோட கேள்வி இதுதான்: "அண்ணே, எங்கப்பா கிரானைட் வேலை பார்க்குறவர். வீட்டுல ரெண்டு கிரைண்டர் இருக்கு. அதுலயே பேட் மாட்டி பாலிஷ் போட்டுக்கலாமா? இல்ல ரோட்டரி தனியா வாங்கணுமா? வாங்குனா எதைப் பார்த்து வாங்குறது?"

இந்தக் கேள்வியை லேசா எடுத்துக்க முடியாது. தப்பான மெஷின் வாங்கினா போறது அந்தக் காசு மட்டும் இல்ல. அடுத்தவங்க கார்ல ஒரு பானெட்டை எரிச்சுட்டா, அந்த பேனலை முழுசா ரீபெயிண்ட் பண்ணித் தரணும். சென்னையில ஒரு கஸ்டமர் போனா இன்னொருத்தர் வருவார். புதுக்கோட்டை மாதிரி ஊர்ல அந்த ஒரு கஸ்டமர் டீக்கடையில சொன்னா போதும், சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும்.

அதனால பிராண்டுல இருந்து ஆரம்பிக்காம, பெயிண்ட்ல இருந்து ஆரம்பிப்போம். நாம எதைத் தேய்க்கப் போறோம்னு தெரிஞ்சாத்தான் எதால தேய்க்கலாம்னு முடிவு பண்ண முடியும்.

நம்மகிட்ட இருக்குறது பாதி பேப்பர் கனம்

கார் பாடியில பெயிண்ட் ஒரே அடுக்கா இருக்காது. தகடு மேல துருப்பிடிக்காம இருக்க ஒரு பூச்சு, அது மேல பிரைமர், அப்புறம் கலர் தர்ற பேஸ் கோட், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். கார் பளபளன்னு தெரியுறது இந்தக் கடைசி அடுக்கால. வெயில்ல இருந்து கலரைக் காப்பாத்துறதும் இதுதான்.

கம்பெனி பெயிண்ட்ல இந்த எல்லா அடுக்கையும் சேர்த்தா பெரும்பாலும் 100-லிருந்து 140 மைக்ரான் வரும். ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான். நாம ஜெராக்ஸ் எடுக்குற சாதாரண ஏ4 பேப்பர் ஏறக்குறைய 100 மைக்ரான். அதாவது, லட்சக்கணக்குல குடுத்து வாங்குற காரோட மொத்த பெயிண்டும் ஒரு பேப்பர் கனம். அதுல கிளியர் கோட் மட்டும் சுமார் 40-லிருந்து 50 மைக்ரான். பாதி பேப்பர்.

வெயில்ல கார் மேல சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல் தெரியும் பாருங்க, அதைத்தான் ஸ்விர்ல் மார்க்னு சொல்றோம். அது எல்லாமே இந்தப் பாதி பேப்பருக்குள்ள இருக்குற பள்ளம். பாலிஷ் போடுறதுன்னா அந்தப் பள்ளத்தை நிரப்புறதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. நடக்குறது தலைகீழ். பள்ளத்தோட அடிமட்டம் வரைக்கும் சுத்தி இருக்குற மேட்டை அரைச்சு இறக்குறோம். ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் கிளியர் கோட்ல சில மைக்ரான் குறையும். அது திரும்ப வளராது. மொபைல் டேட்டா மாதிரி மாசாமாசம் ரீசார்ஜ் பண்ண முடியாது. ஆயுசுக்கும் ஒரே பேலன்ஸ்.

இனி பேசப் போற எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான். நல்ல பாலிஷர்னா வேகமா அரைக்கிற மெஷின் கிடையாது. எவ்வளவு அரைக்கணும்னு நீங்க நினைக்கிறீங்களோ, அவ்வளவு மட்டும் அரைச்சுட்டு நிக்கிற மெஷின்.

கிரைண்டரும் பாலிஷரும் ஒண்ணுவிட்ட சொந்தம்

தம்பியோட சந்தேகம் நியாயமானது. ரெண்டு மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரே குடும்பம்னு தெரியும். நீளமான உடம்புக்குள்ள மோட்டார், முன்னாடி கியர் பெட்டி, அங்க இருந்து செங்குத்தா திரும்பி ஒரு தண்டு, அது முனையில சுத்துற தட்டு. ஜெர்மனியில ஃப்ளெக்ஸ்னு ஒரு கம்பெனி இருக்கு. 1922-ல தொடங்குனது. 1954-ல ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டு வந்தவங்க அவங்கதான். நாம நகல் எடுக்குறதை ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி, அங்க சாதாரண ஜனங்க ஆங்கிள் கிரைண்டரையே 'ஃப்ளெக்ஸ்'னுதான் சொல்வாங்க. அதே கம்பெனி இன்னிக்கு டீட்டெய்லிங் உலகத்துல பேர் வாங்கின ரோட்டரி பாலிஷரும் பண்ணுது. ஆக, சொந்தம் உண்மை.

வித்தியாசம் வேகத்துல இருக்கு. நம்ம ஊர் பட்டறைகள்ல இருக்குற சாதாரண 4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுத்து சுத்தும். வேகம் மாத்துற டயல் பெரும்பாலும் இருக்காது. ஸ்விட்சைப் போட்டா 11,000, அணைச்சா பூஜ்யம். ரோட்டரி பாலிஷர் 600-லிருந்து 3,000 வரைக்கும்தான்.

நான் என்ஜினீயர், கணக்கு போடாம நம்ப மாட்டேன். பேடோட ஓரம் பெயிண்ட் மேல எவ்வளவு வேகத்துல உரசுதுன்னு பார்ப்போம். சுற்றளவை நிமிஷச் சுத்தால பெருக்கினா வந்துரும்.

180 மி.மீ. பேடை ரோட்டரியில மாட்டி 1,000-ல ஓட்டினா, ஓரத்தோட வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். டவுனுக்குள்ள ஸ்கூட்டர் ஓட்டுற வேகம். டயலை 3,000-க்கு முறுக்கினா 102 கிலோமீட்டர். திருச்சி பைபாஸ்ல போற வேகம். இப்போ 11,000 சுத்துற கிரைண்டர்ல ஒரு 125 மி.மீ. பேடை மாட்டுங்க. சின்ன பேடுதான். ஆனாலும் ஓர வேகம் மணிக்கு 259 கிலோமீட்டர். பாதி பேப்பர் கனம் இருக்குற ஒரு அடுக்கு மேல 259-ல உரசினா என்ன ஆகும்? சூடு. கிளியர் கோட் முதல்ல இளகும், அப்புறம் மங்கும், அப்புறம் கலர் தெரியும், கடைசியா பிரைமர் வெளிய வரும். இதெல்லாம் சில நொடியில முடிஞ்சிரும்.

பெயிண்டை விடுங்க, உடம்புக்கும் ஆபத்து. பேட், பேக்கிங் பிளேட் ரெண்டுலயும் அதிகபட்ச வேகம் அச்சடிச்சிருக்கும். பாலிஷ் பிளேட் பெரும்பாலும் 11,000-க்காகப் பண்ணது இல்ல. அந்த வேகத்துல வெல்க்ரோ பிரிஞ்சு பேட் பறந்தா, அது முகத்துக்கு வராதுன்னு யாரும் கேரண்டி தர முடியாது.

"கல்லுக்கு மட்டும் எப்படிண்ணே தாங்குது?" அதுவும் சரியான கேள்வி. 18 மி.மீ. கிரானைட் ஸ்லாபுன்னா 18,000 மைக்ரான். நம்ம கிளியர் கோட்டைப் போல 400 மடங்கு. ரெண்டு சுத்து அதிகமா ஓட்டினாலும் கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. மேல தண்ணி வேற ஊத்திக்கிட்டே ஓட்டுவாங்க. நல்ல கடைகள்ல கல்லுக்கே வேகம் குறைக்கிற வெட் பாலிஷர்தான் வச்சிருப்பாங்க.

ஆனா தம்பி, அப்பாகிட்ட இருந்து கிரைண்டரை வாங்காதீங்க, அவரோட அறிவை வாங்கிக்குங்க. கல்லுல அவர் 50-ம் நம்பர் பேடுல ஆரம்பிச்சு 100, 200, 400, 800, 1500, 3000-னு படிப்படியா போவார். நடுவுல ஒரு நம்பரைத் தாண்டினா, முந்தின நம்பர் போட்ட கோடு கடைசி வரைக்கும் போகாதுன்னு அவருக்குத் தெரியும். கார் பெயிண்ட்லயும் அதே விதிதான். காம்பவுண்டு கீறலை எடுக்கும், ஆனா தன்னோட சின்னக் கீறலை விட்டுட்டுப் போகும். அதை ஃபைன் பாலிஷ் எடுக்கும். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துல சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளைப் பார்த்திருப்பீங்க. சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தைய தமிழி எழுத்து இருக்குற இடம். மோட்டாரே இல்லாத காலத்துல பாறையைத் தேய்ச்சு வழுவழுப்பாக்கின ஊர் இது. வேகம் இல்லாமலும் மெருகு வரும்.

ரோட்டரியா, டி.ஏ.வா?

ரோட்டரியில தட்டு ஒரே அச்சுல, ஒரே வட்டமா சுத்தும். டி.ஏ., அதாவது டூயல் ஆக்ஷன்ல, தட்டு தன்னைத்தானே சுத்திக்கிட்டே, மையத்தை விட்டு விலகி இன்னொரு சின்ன வட்டமும் அடிக்கும். கோவில் திருவிழாவுல ராட்டினம் பாத்திருப்பீங்க, பெட்டியும் சுத்தும், மொத்த ராட்டினமும் சுத்தும். அந்த மாதிரி. அந்த வெளிவட்டத்தோட அகலத்தைத்தான் 8 மி.மீ., 15 மி.மீ., 21 மி.மீ.-னு சொல்றாங்க. இத்தாலியோட ரூபெஸ் மாதிரி கம்பெனிகள் பிரபலமாக்கின 15, 21 இன்னிக்கு கடைகள்ல சாதாரணமா இருக்கு.

இதனால என்ன லாபம்? டி.ஏ.வோட பேட் ஒரே கோட்டுல திரும்பத் திரும்ப உரசாது. சூடு ஓரளவு பரவிரும். சாதாரண டி.ஏ.வுல ரொம்ப அழுத்தினாலோ ஓரத்துல சிக்கினாலோ சுத்துறது தானா நின்னு வெறும் அதிர்வா மாறிரும். அதாவது மெஷினுக்குள்ளயே ஒரு பாதுகாப்பு இருக்கு. ரோட்டரிக்கு அது கிடையாது. மோட்டார் நேரா பேடைப் பிடிச்சிருக்கு. நீங்க நிறுத்துற வரைக்கும் அது நிக்காது.

அப்போ ரோட்டரி எதுக்கு? மூணு காரணம். ஒண்ணு, ஆழமான கீறல், வாட்டர் பேப்பர் போட்ட கோடு, வெயில்ல வெளுத்துப்போன பழைய பெயிண்ட். இதையெல்லாம் ரோட்டரி சீக்கிரம் எடுக்கும். டிங்கரிங் பட்டறைகள்ல பெயிண்ட் அடிச்சு, வாட்டர் பேப்பர் போட்டு, ரோட்டரியில முடிக்கிறது இதனாலதான். ரெண்டு, அதுக்குள்ள பாகங்கள் குறைவு, ரிப்பேர் சுலபம். மூணு, அதே தரத்துக்கு விலை குறைவு.

ரோட்டரிக்கு இன்னொரு குணமும் உண்டு. சரியா முடிக்கலைன்னா ஹோலோகிராம் விட்டுட்டுப் போகும். டியூப் லைட் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது, கஸ்டமர் காசு குடுத்துட்டுப் போவார். கீழ ராஜ வீதியில நாலு மணி வெயில்ல காரை நிறுத்தும்போது, வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மயிலிறகு மாதிரி கோடு கோடா அசையும். அடுத்த நாள் காலையில உங்க ஷெட் வாசல்ல நிப்பார்.

என்னோட பதில் நேரா சொல்லிடுறேன். சொந்த காருக்கு மட்டும், வருஷத்துக்கு ஒரு தடவைன்னா ரோட்டரி வேண்டவே வேண்டாம். டி.ஏ. வாங்குங்க. கடை போடுறவங்க ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும்னாலும் 15 மி.மீ. டி.ஏ.தான் முதல்ல. நேரம் கொஞ்சம் கூட ஆகும், ஆனா கத்துக்குற காலத்துல அடுத்தவங்க பெயிண்டைக் காப்பாத்தும். பட்டறைகளோட சேர்ந்து வேலை, பழைய டாக்ஸி, வேன், ரீபெயிண்ட் வண்டி இதுதான் உங்க பொழப்புன்னா, அப்போ ரோட்டரி வாங்குறதுல அர்த்தம் இருக்கு.

ரோட்டரி வாங்கும்போது லேபிள்ல என்ன பார்க்கணும்?

முதல் விஷயம், குறைந்தபட்ச வேகம். எல்லாரும் அதிகபட்சத்தைப் பார்க்குறாங்க. 3,000-த்தை நீங்க தொடவே போறதில்ல. காம்பவுண்டைப் பரப்ப 600, 700. கீறல் எடுக்க 1,000-லிருந்து 1,500. கடைசி ஃபினிஷிங்குக்கு மறுபடியும் 1,000 பக்கம். அதனால 600 இல்லன்னா 750-ல ஆரம்பிக்கிற மெஷினைப் பாருங்க. மகிட்டா 9237சி 600-ல ஆரம்பிக்கும், பாஷ் ஜி.பி.ஓ. 14 சி.இ. 750-லிருந்து 3,000. இதை வாங்குங்கன்னு சொல்லல, அளவுகோலா வச்சுக்குங்க. குறைந்தபட்சமே 1,500-னு போட்டிருந்தா, அந்த மெஷினைக் கீழ வச்சுட்டு வாங்க.

ரெண்டாவது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்: கான்ஸ்டன்ட் ஸ்பீடு. மலிவு மெஷின்லயும் டயல் இருக்கும். ஆனா அது மோட்டாருக்குப் போற கரண்ட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். பேடை அழுத்தினா வேகம் விழும், தூக்கினா எகிறும். நல்ல மெஷின்ல ஒரு சென்சார் மோட்டாரோட வேகத்தை அளந்துக்கிட்டே இருக்கும். குறைஞ்சா கூடக் குடு, கூடினா குறைன்னு சர்க்யூட் சொல்லும். கார்ல குரூஸ் கண்ட்ரோல் இருக்கே, அதே யோசனை. இது ஏன் முக்கியம்? வேகம் விழும்போது வேலை நடக்கலையேன்னு நம்ம கை தானா டயலை ஏத்தும். அடுத்த நொடி அழுத்தம் குறையும், மெஷின் எகிறும், பேட் அப்போ ஒரு ஓரத்துல இருந்தா கதை முடிஞ்சது.

கடையிலயே சோதிக்கலாம். மெஷினை நடு வேகத்துல ஓட விட்டு, பேடை ஒரு பழைய பலகை மேல வச்சு மெதுவா அழுத்துங்க. சத்தம் லேசா இறங்கி உடனே பழையபடி வந்தா கட்டுப்பாடு இருக்கு. இறங்கினது இறங்கினபடியே முனகினா இல்ல. ஓட்டிப் பார்க்க விடாத கடைன்னா வேற கடை பாருங்க.

மூணாவது, சாஃப்ட் ஸ்டார்ட். ஸ்விட்ச் போட்டதும் படிப்படியா வேகம் ஏறணும். இல்லன்னா காம்பவுண்டு கண்ணாடி, சுவர், உங்க சட்டை எல்லாத்துலயும் தெறிக்கும். மெஷினும் கையை உதறும்.

நாலாவது, எடை. ரெண்டரை கிலோவுக்கும் மூணு கிலோவுக்கும் கடையில வித்தியாசம் தெரியாது. கதவோட பக்கவாட்டுல, கையை நீட்டி, ரெண்டு மணி நேரம் பிடிச்சா தெரியும். கை தளர்ந்தா பேட் சாயும், பேட் சாஞ்சா ஒரு ஓரம் மட்டும் உரசும்.

அஞ்சாவது, வாட்ஸ். பெட்டி மேல பெரிய எழுத்துல இருக்குற வாட்ஸ், மெஷின் இழுக்குற கரண்ட்தான், பேடுக்கு வந்து சேர்ற சக்தி இல்ல. 1,200 வாட்ஸ் தாராளம். 230 வோல்ட்ல அது 5 ஆம்ப்ஸ் கொஞ்சம் மேல. 1,400 வாட்ஸ்னா 6 ஆம்ப்ஸ் தாண்டிரும். அதனால சின்ன பிளக்ல மாட்டாதீங்க, பவர் பிளக் போடுங்க. மெல்லிசான எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடாகும், வோல்டேஜும் விழும். வாட்டர் வாஷ் பண்ற ஈரமான ஷெட்டா இருந்தா, எலக்ட்ரீஷியன்கிட்ட 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்க. பேட் வாங்குற காசைக் குறைச்சாலும் இதைக் குறைக்காதீங்க.

ஆறாவது, மரை. நிறைய ரோட்டரிக்கு எம்14 மரை. 4 இன்ச் கிரைண்டருக்கு பெரும்பாலும் எம்10. ஆன்லைன்ல பிளேட் வாங்கும்போது இதைப் பார்க்காம வாங்கினா பொருந்தாது.

ஏழாவது, கார்பன். ஆமா, நாலணா விஷயம் மாதிரி தெரியும். ஆனா மோட்டார்ல தேயுற கார்பன் புதுக்கோட்டையிலயோ திருச்சியிலயோ கைக்குக் கிடைக்குமா? ஆர்மேச்சர் போனா ஊர்ல காயில் கட்டுற கடையில கட்டித் தருவாங்களா? வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் கடைக்காரர்கிட்டயே போய்க் கேளுங்க: "அண்ணே, இந்த மாடல் உங்ககிட்ட ரிப்பேருக்கு வந்திருக்கா?" அவர் சிரிக்கிற சிரிப்புலயே பாதி ரிவ்யூ கிடைச்சிரும்.

மெஷினுக்கு எல்லாக் காசையும் போடாதீங்க

கையில இருக்குறது நூறு ரூபான்னு வச்சுக்குவோம். மெஷினுக்கு 45 ரூபாய்க்கு மேல போடாதீங்கன்னு சொல்வேன். மிச்சம் எதுக்கு?

பெயிண்ட் கனம் அளக்குற மீட்டருக்கு. இது இல்லாம ரோட்டரியைத் தொடுறது, பேலன்ஸ் பார்க்காம ஏ.டி.எம்.-ல காசு எடுத்துட்டே இருக்குற மாதிரி. 110 மைக்ரான் காட்டினா கம்பெனி பெயிண்ட். 250, 300 காட்டினா ரீபெயிண்ட். அதுக்கும் மேல போனா அடியில பட்டி இருக்கு. 70, 80-னு காட்டினா ஏற்கெனவே யாரோ அரைச்சுட்டாங்க, அங்க கையை வைக்காதீங்க. மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் சொல்லும், கிளியர் கோட்டைத் தனியா சொல்லாது. அதனால எப்பவும் கஞ்சத்தனமா இருங்க. அலுமினியத்தையும் அளக்குற மாடலா வாங்குங்க. பிளாஸ்டிக் பம்பர்ல இந்த வகை மீட்டர் வேலை செய்யாது. பம்பர்தான் சீக்கிரம் எரியும், பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. ரோட்டரியை பம்பர் பக்கம் கொண்டு போகாம இருக்குறதே நல்லது.

அடுத்தது பேட். ஒரு காருக்கு ஒரே பேடுல ஓட்ட முடியாது. அடைஞ்சு போன பேட் அரைக்காது, சூடாக்கும். உல்லன் பேட் வேகமா எடுக்கும், ஃபோம் நிதானமா எடுக்கும். தரையில விழுந்த பேடை அப்படியே தட்டிட்டு மாட்டாதீங்க. நம்ம பக்கம் செம்மண் தூசி, கிரஷர் தூசி, எம்-சாண்ட் லாரி. அந்தத் துகள்ல இருக்குற குவார்ட்ஸ் கிளியர் கோட்டை விடக் கடினம். ஒரு துகள் பேடுல ஒட்டினா, நீங்க பாலிஷ் போடல, கோலம் போடுறீங்க.

அடுத்தது நல்ல எல்.இ.டி. விளக்கு. வெயில் காட்டப்போறதை முதல்ல நீங்க பார்க்கணும். பாலிஷ் முடிஞ்சதும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த தண்ணியைத் தெளிச்சுத் துடைச்சுப் பாருங்க. சில பாலிஷ்ல இருக்குற எண்ணெய் கீறலை மூடி மறைச்சுக் காட்டும். நாலு வாஷ்ல திரும்ப வந்துரும். துடைச்ச பிறகும் பளபளப்பு இருந்தாத்தான் அது உங்க வேலை.

முதல் பானெட் கஸ்டமரோடது இல்ல

காயலான் கடைக்குப் போய் ஒரு பழைய பானெட் வாங்குங்க. முடிஞ்சா கறுப்பு. மடிப்பு, ஓரம் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பழகுங்க. ஓரத்துல பெயிண்ட் மெல்லிசா இருக்கும், அழுத்தமும் அங்கதான் குவியும். பேட் ஓரத்தை விட்டு வெளிய போற திசையில சுத்தணும், ஓரத்தை நோக்கி உள்ள வரக்கூடாது. ஒயரைத் தோள் மேல போட்டுக்குங்க. லுங்கி, துண்டு, கழுத்துச் சங்கிலி, தொங்குற ஐடி கார்டு எதுவும் கிட்ட வேண்டாம். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம்.

அந்த பானெட்ல நல்லா பழகின பிறகு, ஒரு மூலையில வேணும்னே எரிச்சுப் பாருங்க. எத்தனை நொடியில, எந்த வாசனையோட, கைக்கு எவ்வளவு சூடுல கிளியர் கோட் போகுதுன்னு உடம்புக்குத் தெரியணும். சாஃப்ட்வேர்ல டெஸ்ட் சர்வரை உடைச்சுப் பார்க்குறது இதுக்குத்தான், லைவ்ல உடையக்கூடாதுன்னு. நிஜ வண்டியில, பேனல் மேல புறங்கையை வச்சா பொறுக்க முடியலையா, நிறுத்திடுங்க. சித்திரை வெயில்ல நின்ன காரை உடனே தொடாதீங்க, நிழல்ல ஆற விடுங்க. காலையில ஆரம்பிச்சா பாதிப் பிரச்சனை இல்ல.

இன்னொரு நுணுக்கம். பழைய வெள்ளை வண்டிகள் சிலதுல கிளியர் கோட்டே இருக்காது, கலரே மேல்மட்டம். தேய்ச்சா பேடுல வெள்ளை ஒட்டும். கஸ்டமர் பயப்படுறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. பெயிண்ட் உப்பி, அடியில துரு இருக்குற இடத்துக்கு பாலிஷ் மருந்தே இல்ல. மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் கடலோரத்துல ஓடுற வண்டின்னா இதை முதல்லயே தேடிப் பாருங்க. அது டிங்கரிங் வேலைன்னு சொல்லி அனுப்புறதுல உங்க பேர் கெடாது, ஏறும்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மீட்டர் ரீடிங்கை ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு தாள்ல எழுதி, கஸ்டமர்கிட்ட காட்டுங்க. முடிச்ச பிறகும் எழுதுங்க. "உங்க பானெட்ல 118 இருந்தது, இப்போ 115. இந்தக் கீறலை முழுசா எடுத்தா இன்னும் குறையும், அதனால விட்டுட்டேன்"னு சொல்ற கடைக்காரரை யாரும் மறக்க மாட்டாங்க. எவ்வளவு எடுத்தோம்ங்கிறதை விட எவ்வளவு மிச்சம் வச்சோம்ங்கிறதுதான் இந்தத் தொழில்ல கணக்கு.

சுருக்கமா சொன்னா: கிரைண்டர் வேண்டவே வேண்டாம். ஒரே மெஷின்னா 15 மி.மீ. டி.ஏ. ரோட்டரிதான்னா 600, 750-ல ஆரம்பிக்கணும், அழுத்தினாலும் வேகம் மாறக்கூடாது, மெதுவா கிளம்பணும், ஊர்ல கார்பன் கிடைக்கணும். மீட்டர் இல்லாம ஸ்விட்ச் போடாதீங்க.

உங்க ஊர்ல பட்டறை வச்சிருக்குறவங்க, டீட்டெய்லிங் பண்றவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, எந்த மெஷின் எத்தனை வருஷம் தாங்குச்சு, எங்க ரிப்பேர் பண்ணீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதையெல்லாம் சேர்த்து ஒரு எபிசோடு போடலாம். அடுத்த வாரம் பேட், காம்பவுண்டு பத்தி தனியா பேசுவோம். அதுவரைக்கும் காரை அழுக்குத் துணியால துடைக்காதீங்க. பாதி ஸ்விர்ல் மார்க் அங்க இருந்துதான் வருது.